பொய்ப் புகார் கொடுத்தவரைச் சட்டம் என்ன செய்யும்? தம்பி வழக்கில் நாங்கள் தெரிந்துகொண்டவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புகார் மனு, பிரமாணப் பத்திரம், பிராது என்று நாள் முழுக்க அடுத்தவர் வழக்குகளை அடித்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. வருகிறவர்களில் சிலர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் காரமாப் போடுங்கம்மா" என்பார்கள். கை ஓங்கியது அடித்ததாக மாறும். திட்டியது கொலை மிரட்டலாக மாறும். வெறும் வாய்த்தகராறில் தாலிச் சரடு அறுந்து விழும். "நடந்ததை மட்டும் சொல்லுங்க, அதுவே போதும்" என்பேன். கேட்கிறவர்கள் உண்டு. பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிச் சேர்க்கும் ஒரு வரி இன்னொரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை, என் தம்பி மேல் புகார் வந்தபோது முழுதாகப் பார்த்தேன்.

தம்பி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் லைன் வேலை பார்த்தான். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்துச் சில்லறைக் கடைகளில் ஆர்டர் எடுப்பது, பாக்கி வசூலிப்பது, சாயங்காலம் வந்து கணக்கு ஒப்படைப்பது. 2024 தீபாவளிக்கு முன்பிருந்தே அவன் சம்பளம் நிலுவை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது, கடையின் குடோனுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கப்புறம் சம்பளம் கேட்டபோது, "சரக்கே போச்சு, உனக்கு என்னடா சம்பளம்" என்றார் முதலாளி. தொழிலாளர் துறையில் மனு கொடுக்கப் போவதாகத் தம்பி வாட்ஸ்அப்பில் எழுதினான். சில நாட்களிலேயே ஸ்டேஷனில் புகார். வசூல் பணம் 2,86,000 ரூபாயைக் கையாடல் செய்துவிட்டான், கணக்கு நோட்டு வெள்ளத்தில் நனைந்து வீணாகிவிட்டது என்று.

விசாரணைக்கு வரச் சொல்லி போன் வந்ததும் தம்பி நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போடக் கிளம்பினான். தடுத்துவிட்டேன். அப்படிப் போயிருந்தால் பொய்ப் புகாரோடு மெய்ப் புகார் ஒன்றும் சேர்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடம் அழைத்துப் போனேன். அன்று அவர் சொன்னதுதான் கடைசிவரை எங்களுக்கு வழி காட்டியது: "உன் தம்பி எடுக்கலைன்னு காட்டினா அவன் மேல இருக்கிற கேஸ் போயிடும். அது முதலாளிக்குத் தெரிஞ்சே இருந்துச்சுன்னு காட்டினாத்தான் அவர் மேல கேஸ் வரும். ரெண்டும் வேற வேற வேலை. ரெண்டுக்கும் இன்னைக்கே ஆதாரம் சேர்க்க ஆரம்பிங்க."

பொய்ப் புகாரைப் பற்றி ஊரில் பேசுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். புகார் நிரூபணமாகவில்லை என்பதாலேயே கொடுத்தவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்திருக்கலாம். நியாயமான சந்தேகத்தில் கொடுத்திருக்கலாம். உண்மையாகவே நடந்தும் சாட்சி இல்லாமல் போயிருக்கலாம். பொய் என்று தெரிந்தே சொன்னாரா என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. எங்களைப் போலப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது கசக்கும். ஆனாலும் இது சரியென்றே நான் நினைக்கிறேன். இல்லையென்றால் வலு இல்லாதவர் யாரும் ஸ்டேஷன் படி ஏற மாட்டார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்த பெண் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 22-ஆம் பிரிவு பொய்ப் புகாருக்குத் தண்டனை வைத்திருக்கிறது, ஆனால் புகார் கொடுத்தது குழந்தை என்றால் தண்டனை கிடையாது.

சரி, தண்டனை என்னவென்று பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்து, அவர் அதிகாரத்தை இன்னொருவருக்கு எதிராகத் திருப்பிவிடுவது பழைய 182, இப்போது 217. முன்பு ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் என்று இருந்தது. இப்போது ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிப்படையே இல்லை என்று தெரிந்தும், கெடுதல் செய்யும் நோக்கத்தோடு ஒருவர் மேல் குற்றம் சுமத்துவது பழைய 211, இப்போது 248. இது கனமான பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சுமத்திய பொய்க் குற்றம் மரண தண்டனைக்கோ, ஆயுளுக்கோ, பத்து வருடமோ அதற்கு மேலோ சிறைக்கோ உரியதாக இருந்தால் பத்து வருடம் வரை சிறையும் அபராதமும். கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சாட்சி சொன்னால் 229, ஏழு வருடம் வரை. போலீஸ் விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலம் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கொடுப்பது இல்லை, ஆனாலும் அங்கே உண்மையாகப் பதில் சொல்லச் சட்டமே கட்டாயப்படுத்துவதால் அந்தப் பொய்க்கும் 229 பொருந்தலாம் என்பதை இந்த வழக்கில்தான் தெரிந்துகொண்டேன்.

தம்பி மேல் போட்டது அதே நியாய சன்ஹிதாவின் 316(4). வேலைக்காரர் செய்யும் நம்பிக்கை மோசடி, ஏழு வருடம் வரை தண்டனை. எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொண்டோம். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்கில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, தேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-இல் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். தம்பிக்கும் நோட்டீஸ்தான் வந்தது. இருந்தாலும் வக்கீலம்மா மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் அதே நடைமுறைச் சட்டத்தின் 482-இல் முன்ஜாமீன் போட்டு வாங்கிவிட்டார். சில வாரங்கள் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. தெருவில் எல்லாருக்கும் தெரிந்த பையன் தினமும் ஸ்டேஷன் வாசலில் நிற்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை. வழக்கு என்ன ஆனாலும் அந்த வாரங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

இடையில் என்னையும் விசாரணைக்கு ஸ்டேஷன் வரச் சொன்னார்கள். பெண்களை, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை, 15 வயதுக்குட்பட்ட பையன்களைச் சாட்சி விசாரணைக்காக வீட்டை விட்டு வேறிடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது, நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. வக்கீலம்மா பணிவாக எடுத்துச் சொன்னதும் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பிரிவு தெரிந்திருந்தால் குரலை உயர்த்தவே தேவையில்லை.

ஆதாரம் சேர்த்த கதைதான் இதில் முக்கியம். கடையின் கணக்கு நோட்டு வெள்ளத்தில் போனதாக முதலாளி சொன்னார் இல்லையா? பில் புக்கில் கார்பன் நகல்தான் கடையில் இருக்கும், அசல் ரசீது பணம் கட்டிய சில்லறைக் கடைக்காரரிடம் இருக்கும். அவர்கள் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். தம்பியும் நானும் ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டோம். பாதிப் பேர் தயங்கினார்கள். அதே முதலாளியிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கிறவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். "போலீஸ் வந்து கேட்டா சொல்றேன், நானா வரமாட்டேன்" என்றார் ஒருவர். அதுவே போதும் என்றோம். யார் யாரிடம் ரசீது இருக்கிறது என்று பட்டியல் போட்டு, விசாரணை அதிகாரியிடம் மனுவாகக் கொடுத்து, ஏற்பு வாங்கிக்கொண்டோம். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தால் அது எங்கும் பதிவாகியிருக்காது.

அந்த ரசீதுகளைப் பார்த்துக்கொண்டே போகும்போது இன்னொன்று தெரிந்தது. தம்பி எடுத்ததாகச் சொன்ன தொகையில் கணிசமான பகுதி அவன் கைக்கு வரவே இல்லை. கடைக்காரர்கள் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து கட்டியிருந்தார்கள். அந்த அட்டை முதலாளியம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போகும் அட்டை. தன் வீட்டுக் கணக்குக்கு வந்து சேர்ந்த பணத்தையும் 'கையாடல்' என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதோடு, தினமும் சாயங்காலம் கணக்கு ஒப்படைத்தபின் முதலாளி அனுப்பும் குரல் செய்திகள் தம்பி போனில் அப்படியே இருந்தன. "இன்னைக்குக் கணக்கு சரியா இருக்கு, நாளைக்குப் பண்ருட்டி லைன் போ." பணம் காணாமல் போனதாகப் புகாரில் எழுதியிருந்த அதே தேதிகளில்.

ரசீதுகள் தம்பி எடுக்கவில்லை என்று காட்டின. வங்கிக் கணக்கும் குரல் செய்தியும் அது முதலாளிக்குத் தெரியும் என்று காட்டின. வக்கீலம்மா சொன்ன அந்த இரண்டாவது வேலை அதோடு முடிந்தது.

போனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சமயத்தில் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், கோபத்தில் சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் போதாது. மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்ட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி போல. இப்போது அதில் இரண்டு பகுதி. ஒன்றை ஆதாரத்தைக் கொடுப்பவர் தர வேண்டும், மற்றதை நிபுணர் தர வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு என்ற குறியீடும் அதில் வரும். அசல் போன் கையில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

இந்த நாட்களில் வந்த யோசனைகளில் மோசமானது கவுன்டர் கேஸ். சொந்தக்காரர் ஒருவர், "முதலாளி உன்னை அடிச்சதா ஒரு புகார் குடு, தானா இறங்கி வருவான்" என்றார். தம்பிக்கும் கொஞ்சம் ஆசை வந்தது. அடிக்கவே இல்லையே என்றேன். "அவன் மட்டும் உண்மையா சொன்னான்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 217-ம் 248-ம் எங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எங்களிடம் இருந்த ஒரே பலம் நாங்கள் சொன்னது எல்லாம் உண்மை என்பது. ஒரு பொய் சேர்ந்திருந்தால் ரசீதுக்கும் குரல் செய்திக்கும் இருந்த மதிப்பும் போயிருக்கும். அவனை உட்கார வைத்துப் பேசினேன், விட்டுவிட்டான்.

விசாரணை மாதக்கணக்கில் இழுத்தது. வங்கிக் கணக்கை வரவழைத்துப் பார்த்த பிறகு, கடைக்காரர்கள் சிலர் வாக்குமூலம் கொடுத்த பிறகு, வழக்கை 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது புகாரில் சொன்ன சங்கதியே தவறு என்று போலீசார் முடித்தார்கள். வழக்கை இப்படி முடித்துவிட்டோம் என்று தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார்தாரருக்குப் போனது. அவர் ஆட்சேபனை மனு போடவில்லை. மாஜிஸ்திரேட் அறிக்கையை ஏற்றுக்கொண்டார். அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை உடனே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட், புது வேலை என்று எதற்குப் போனாலும் கேட்பார்கள்.

அப்புறம்தான் முதலாளி மேல் நடவடிக்கை. இங்கே வழி குறுகல். 217-இல் நாமாகப் போய் வழக்குப் போட முடியாது. நடைமுறைச் சட்டத்தின் 215-ஆம் பிரிவுப்படி, பொய்த் தகவலைப் பெற்ற அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துப்பூர்வமாகக் கோர்ட்டில் புகார் தர வேண்டும். அதற்கு ஒரு வருடக் காலவரம்பும் உண்டு. விசாரணை முடியவே பாதி வருடம் போய்விடுவதால் காத்திருக்காமல் முன்கூட்டியே மனு கொடுத்து வைப்பது நல்லது. நாங்கள் இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை. 248-க்கும் ஒரு தடை இருக்கிறது. புகார் போலீசோடு நின்றுவிட்டால் நாமே தனிப் புகார் தரலாம். மாஜிஸ்திரேட் அந்த வழக்கில் உத்தரவு போட்டுவிட்டால் அது நீதிமன்ற நடவடிக்கையோடு சேர்ந்துவிடுகிறது, அதனால் நீதிமன்றமே புகார் தர வேண்டும். கமலாபதி திரிவேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இது. அதற்காக நடைமுறைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவில் மனு போட்டோம். பொய் என்று தெரிந்தாலே கோர்ட் புகார் தந்துவிடாது, நீதியின் நலனுக்கு அது தேவை என்று கோர்ட்டுக்குத் தோன்ற வேண்டும்.

அவதூறு வழக்கு மட்டும்தான் யார் தயவும் இல்லாமல் எங்கள் கையில் இருந்தது. முதலாளி ஸ்டேஷனோடு நிற்கவில்லை. வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் தம்பியின் படத்தைப் போட்டு, 'திருடன், யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்' என்று எழுதியிருந்தார். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது, நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டு. வாட்ஸ்அப் குழு அப்படிப்பட்ட அதிகாரி கிடையாது. இதற்கு இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. மூன்று வருடத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் தரலாம். புது நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவில், வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த நோட்டீஸ் கையில் கிடைத்ததும்தான் முதலாளி பேச ஆள் அனுப்பினார்.

எனக்குச் சமாதானத்தில் விருப்பம் இல்லை. 248-இல் அவர் கூண்டில் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வாழ்க்கை தம்பியுடையது. "எனக்கு என் பேர் வேணும்க்கா, அவர் ஜெயிலுக்குப் போறது வேணாம்" என்றான். நிலுவைச் சம்பளம் முழுதும், வேலை பார்த்ததற்கான சான்று, அதே வியாபாரிகள் குழுவில் அவர் பேரிலேயே மன்னிப்பு. பதிவு வந்து, பணமும் வந்த பிறகுதான் அவதூறு வழக்கைச் சமரசம் என்று முடித்தோம். 379 மனுவை மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. தம்பி இப்போது புதுச்சேரியில் ஒரு ஏஜென்சியில் அதே லைன் வேலை பார்க்கிறான்.

இழப்பீடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு வழக்கில் சிக்கவைத்ததற்காக சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம். வழக்கு நமக்குச் சாதகமாக முடிந்த நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான் காலவரம்பு. அவதூறுக்கான நஷ்ட ஈட்டுக்கும் அப்படியே, வெளியான நாளிலிருந்து ஒரு வருடம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். குற்றப்பத்திரிகையே வராத எங்களுடையது போன்ற வழக்கில், 'வழக்கே நடக்கவில்லை, பிறகு எதற்கு நஷ்ட ஈடு' என்று எதிர்த்தரப்பு வாதாடும் என்று வக்கீலம்மா முன்பே எச்சரித்திருந்தார். மாஜிஸ்திரேட் விசாரித்து விடுதலையான வழக்கு என்றால் நடைமுறைச் சட்டத்தின் 273-ஆம் பிரிவில் அந்த மாஜிஸ்திரேட்டே, நியாயமான காரணம் இல்லாமல் குற்றம் சுமத்தியவரை இழப்பீடு தரச் சொல்லலாம். தீர்ப்பு நாளிலேயே வக்கீலை விட்டுக் கேட்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், உங்களுக்கு வந்த நோட்டீஸ், தேதிவாரியாக நடந்ததை எழுதிய ஒரு தாள், இந்த மூன்றையும் எடுத்துப் போங்கள்.